வங்கிக் கணக்கை மூடிவிட்டார்களா? முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

கணக்கு மூடப்பட்டது என்று வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தவுடன் பலரும் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் காரணம், சிபில் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) குறைந்துவிட்டது என்பது. பக்கத்தில் இருப்பவரும் ஆமாம் என்று தலையாட்டிவிடுவார். உண்மையில் சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காக மட்டும் ஒருவரின் சேமிப்புக் கணக்கை மூடச் சொல்லும் விதி எதுவும் கிடையாது. வங்கிகளும் வழக்கமாக அப்படிச் செய்வதில்லை. சிபில் குறைந்தால் வங்கி கை வைப்பது கிரெடிட் கார்டிலும் ஓவர்டிராஃப்டிலும்தான் (இருப்புக்கு மேல் எடுக்க வங்கி தரும் வரம்பு). சேமிப்புக் கணக்கைக் காவு வாங்குவது பெரும்பாலும் இருப்புக் குறைவு, நீண்ட நாள் பயன்படுத்தாமை, கேஒய்சி எனப்படும் அடையாள, முகவரி விவரங்களைப் புதுப்பிக்காமை ஆகியவற்றில் ஒன்று.

காரணத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டால் அலைச்சலும் தப்பான இடத்தில் நடக்கும். சிபிலை ஏற்றித் தருகிறேன் என்று சுவரொட்டி ஒட்டியிருக்கும் ஏஜெண்டிடம் பணத்தைக் கட்டிவிட்டு, கிளையில் ஒரு விண்ணப்பத்தோடு முடிந்திருக்கும் காரியத்தை மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. முதல் வேலை, முதல் சம்பளக் கணக்கு என்று இப்போதுதான் வங்கிப் பக்கம் வருபவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

என்ன நடந்தது என்று முதலில் உறுதி செய்யுங்கள்

குறுஞ்செய்தியில் இருக்கும் இணைப்பைத் தொடாதீர்கள். ‘உங்கள் கணக்கு இன்று இரவு மூடப்படும், உடனே கேஒய்சி புதுப்பிக்கவும்’ என்று வருபவற்றில் பாதிக்கு மேல் மோசடி என்றே எடுத்துக்கொள்ளலாம். வங்கியின் செயலியைத் திறந்து பாருங்கள், அல்லது பாஸ்புக்கில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

ஓர் எளிய சோதனை இருக்கிறது. வீட்டில் யாரையாவது அந்தக் கணக்கு எண்ணுக்கு ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள். கணக்கு மூடப்பட்டிருந்தால் பணம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். உள்ளே போய்விட்டது, ஆனால் உங்களால் எடுக்க முடியவில்லை என்றால் கணக்கு மூடப்படவில்லை. முடக்கப்பட்டிருக்கிறது, அல்லது செயல்படாக் கணக்குப் பட்டியலில் இருக்கிறது. முடக்கத்துக்கு கேஒய்சி காரணமாக இருக்கலாம், நீதிமன்ற உத்தரவோ வருமானவரித் துறையின் உத்தரவோ காரணமாக இருக்கலாம், சைபர் குற்றப் பிரிவின் கடிதமும் காரணமாக இருக்கலாம். இந்தக் கடைசி வகை இப்போது சிறு வியாபாரிகளைப் படுத்தும் பாடு தனிக் கதை. யாரோ ஏமாற்றிய பணம் யூபிஐ வழியாக உங்கள் கடைக்கு வந்திருந்தால், வேறு மாநிலக் காவல் நிலையம் ஒன்று உங்கள் கணக்கை முடக்கச் சொல்லிவிடுகிறது. அப்படியானால் உத்தரவு எண்ணையும் காவல் நிலையத்தின் பெயரையும் வங்கியிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு அங்கேதான் பேச வேண்டும். கிளை மேலாளரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

செயல்படாக் கணக்கு என்பது இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீங்களாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யாத கணக்கு. வங்கியே வரவு வைக்கும் வட்டியும், வங்கியே பிடிக்கும் கட்டணமும் நீங்கள் செய்த பரிவர்த்தனையாக எண்ணப்படாது. 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, இப்படிப்பட்ட கணக்கில் இருப்புக் குறைவுக்கு அபராதம் போடக் கூடாது. அதை மீண்டும் இயங்க வைக்கவும் கட்டணம் வாங்கக் கூடாது. சேமிப்புக் கணக்கு என்றால் வட்டியும் தொடர்ந்து சேர வேண்டும். ஆதார், பான், புகைப்படம் கொடுத்தால் போதும். ‘செயல்படாத கணக்கு, எனவே மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள்’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சம்பளக் கணக்கு எப்படி நஷ்டக் கணக்காகிறது

இருப்புக் குறைவால் கணக்கை இழப்பவர்களில் இளைஞர்கள் பலருக்கும் ஒரே கதைதான். வேலையில் சேர்ந்த அன்று நிறுவனம் கைகாட்டிய வங்கியில் கணக்கு திறக்கிறார்கள். இருப்பே வேண்டாம் என்கிறார்கள். ஓராண்டு கழித்து வேறு நிறுவனம், வேறு வங்கி. பழைய கணக்கில் நானூறோ எண்ணூறோ கிடக்கிறது, கிடக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். வழக்கமாக மூன்று மாதம் தொடர்ந்து சம்பளம் வராவிட்டால், வங்கி அதைச் சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாற்றிவிடும். அந்த நிமிடத்திலிருந்து குறைந்தபட்ச இருப்பு விதி பாய்கிறது.

குறைந்தபட்ச இருப்பு என்றால் எந்த நேரமும் அந்தத் தொகை கணக்கில் இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான வங்கிகள் பார்ப்பது மாத சராசரி இருப்பை. ஒவ்வொரு நாள் முடிவிலும் கணக்கில் இருக்கும் தொகையைக் கூட்டி, மாதத்தின் நாள் எண்ணிக்கையால் வகுப்பார்கள். 10,000 ரூபாய் சராசரி வேண்டும், மாதத்துக்கு 30 நாள் என்றால் மொத்தக் கூட்டல் 3,00,000 வர வேண்டும். 50,000 ரூபாயை ஆறு நாள் வைத்திருந்து எடுத்துவிட்டால், மீதி 24 நாள் கணக்கு காலியாக இருந்தாலும் சராசரி சரியாக வந்துவிடும். இதைத் தெரிந்துகொண்டவர் அபராதம் கட்ட மாட்டார். பாவம், தெரியாதவர் 9,000 ரூபாயை மாதம் முழுக்க முடக்கி வைத்திருந்தும் அபராதம் கட்டுவார்.

அபராதம் எப்படி ஏறுகிறது என்று ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். குறைந்தபட்சம் 10,000; உங்கள் சராசரி 4,000; பற்றாக்குறை 6,000. வங்கி பற்றாக்குறையில் 6 சதவீதம் வாங்குகிறது என்று வையுங்கள்: 360 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 64 ரூபாய் 80 காசு. ஆக மாதம் 424 ரூபாய் 80 காசு. அடுத்த மாதம் இருப்பு இன்னும் குறைந்திருக்கும், எனவே அபராதம் இன்னும் கூடியிருக்கும். பாஸ்புக்கில் இதை முழுப்பெயரில் அச்சிட மாட்டார்கள். ஏதோ நான்கைந்து எழுத்துச் சுருக்கமாக ஒரு வரி, அதன் கீழேயே சின்னத் தொகையில் ஜிஎஸ்டிக்கு இன்னொரு வரி. மாதா மாதம் இந்த இரட்டை வரி தெரிந்தால் அதுதான்.

இந்த இடத்தில் உங்கள் கையில் இருக்கும் பிடிமானம் ரிசர்வ் வங்கியின் 2014 நவம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கை. அதில் சொன்ன விதிகள் 2015 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கின்றன. இருப்பு குறைந்தால் வங்கி முதலில் குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ கடிதத்திலோ தெரிவிக்க வேண்டும். சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். அபராதம் பற்றாக்குறையின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், எல்லோருக்கும் ஒரே தொகை என்று போடக் கூடாது. முக்கியமாக, இருப்புக் குறைவு அபராதத்தால் மட்டுமே சேமிப்புக் கணக்கு மைனஸில் போகக் கூடாது. ‘கணக்கு மைனஸ் இரண்டாயிரத்தில் நிற்கிறது, கட்டினால்தான் மூடித்தருவோம்’ என்று கவுண்டரில் சொன்னால், அந்த மைனஸ் எதனால் வந்தது என்று ஸ்டேட்மென்டில் காட்டச் சொல்லுங்கள். முழுக்க இருப்புக் குறைவு அபராதம்தான் என்றால் அந்தச் சுற்றறிக்கையின் தேதியைச் சொல்லித் தள்ளுபடி கேளுங்கள். கேட்ட குரலிலேயே பாதி வேலை முடிந்துவிடும். ஏடிஎம் அட்டையின் ஆண்டுக் கட்டணம், காசோலை திரும்பிய கட்டணம் போன்றவை வேறு வகை. அவற்றுக்கு இந்த விதி பொருந்தாது.

மைனஸில் காட்டாமல், அடுத்து எப்போது பணம் வந்தாலும் பிடித்துக்கொள்ள நிலுவையாகக் குறித்துவைக்கும் வங்கிகளும் உண்டு. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையின் முதல் ஆயிரம் ரூபாய் வந்தபோது தமிழ்நாட்டில் பல பெண்கள் இதைத்தான் கண்டார்கள். வந்த வேகத்தில் பழைய அபராதத்துக்குப் பணம் போய்விட்டது. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வங்கிகளைக் கண்டித்து அறிக்கை விடும் அளவுக்கு அது போனது.

எல்லா வங்கியும் ஒரே மாதிரி என்று நினைக்க வேண்டாம். ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே சேமிப்புக் கணக்குகளுக்குக் குறைந்தபட்ச இருப்பைக் கைவிட்டது. 2025இல் கனரா வங்கி, இந்தியன் வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, பாங்க் ஆஃப் பரோடா ஆகியவையும் அபராதத்தை நீக்கின. தனியார் வங்கிகள் பக்கம் காற்று வேறு திசையில் வீசுகிறது. அதே 2025 ஆகஸ்டில் ஐசிஐசிஐ வங்கி, நகரங்களில் புதிதாகக் கணக்கு திறப்பவர்களுக்கு 50,000 ரூபாய் சராசரி என்று அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களில் 15,000 ஆக இறக்கியது. எவ்வளவு இருப்பு வேண்டும் என்பது அந்தந்த வங்கியின் முடிவு, அது தங்கள் கட்டுப்பாட்டில் வராது என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா அப்போது சொன்னார். ஆகவே தொகையை எதிர்த்துப் புகார் செய்ய முடியாது. சொல்லாமல் பிடித்ததையும், மைனஸில் தள்ளியதையும் எதிர்த்துச் செய்யலாம்.

அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே விதியே எழுதி வைத்திருக்கிறார்கள்: குறைந்தபட்ச இருப்பு 500 ரூபாய், நிதியாண்டு முடிவில் அதற்குக் கீழே இருந்தால் 50 ரூபாய் பிடிப்பார்கள், பிடித்துப் பிடித்துப் பூஜ்யமானால் கணக்கு தானாக மூடப்படும். மார்ச் மாதம் பாஸ்புக்கை ஒரு முறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

கிளைக்குப் போகும்போது

ஆதார், பான், பாஸ்புக், ஏடிஎம் அட்டை, பயன்படுத்தாத காசோலைகள், இரண்டு புகைப்படம். மாதத்தின் முதல் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஓய்வூதியர்களும் சம்பளக் கூட்டமும் சேர்ந்து நிற்கும் நாட்களில் உங்களுக்குப் பதில் சொல்ல அங்கே யாருக்கும் பொறுமை இருக்காது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்று மணிவாக்கில் போனால் உட்கார்ந்து பேசலாம்.

கேட்க வேண்டியவை: கணக்கு எந்தத் தேதியில் மூடப்பட்டது, என்ன காரணத்துக்காக, முன்னறிவிப்பு எந்த நாளில் எந்த முகவரிக்கு அல்லது எந்தக் கைபேசி எண்ணுக்கு அனுப்பப்பட்டது, மூடும்போது இருந்த பணம் எங்கே. ‘சிஸ்டமே மூடிவிட்டது சார், எங்கள் கையில் இல்லை’ என்ற பதில் வரும். வரத்தான் செய்யும், கவுண்டரில் இருப்பவருக்கும் அதற்கு மேல் தெரியாது. கோபப்படாமல், ‘சரி சார், அதையே எழுதிக் கொடுங்கள்’ என்று சொல்லி, கையோடு கொண்டுபோன கடிதத்தை நீட்டுங்கள். முன்னறிவிப்பு பழைய முகவரிக்கும் மாற்றிவிட்ட பழைய எண்ணுக்கும் போயிருப்பதுதான் பெரும்பாலும் வெளிவரும் உண்மை. கணக்கு திறந்தபோது நீங்கள் கையெழுத்திட்ட நிபந்தனைகளில், மூடுவதற்கு முன் எத்தனை நாள் அவகாசம் தர வேண்டும் என்று இருக்கும். வங்கியின் இணையதளத்திலும் அது கிடைக்கும். போவதற்கு முன் படித்துவிடுங்கள்.

கடிதம் தமிழில் இருக்கலாம். தயங்க வேண்டாம். மாதிரி:

‘பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள், ……… வங்கி, ……… கிளை.

பொருள்: சேமிப்புக் கணக்கு எண் ……… மூடப்பட்டது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

மேற்கண்ட கணக்கு எனக்கு உரிய முன்னறிவிப்பு கிடைக்காத நிலையில் ……… தேதியன்று மூடப்பட்டதாக அறிகிறேன். கணக்கு மூடப்பட்ட காரணம், அனுப்பப்பட்ட அறிவிப்பின் நகல், கடந்த 12 மாத ஸ்டேட்மென்ட், மூடிய நாளில் இருந்த தொகையின் விவரம் ஆகியவற்றை எழுத்து மூலம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இருப்புக் குறைவுக்காகப் பிடிக்கப்பட்ட தொகை இருப்பின், ரிசர்வ் வங்கியின் 20.11.2014 தேதியிட்ட சுற்றறிக்கையின்படி எனக்கு எப்போது அறிவிக்கப்பட்டது என்பதையும் தெரிவிக்கவும். கணக்கை மீண்டும் செயல்படுத்த இயலுமெனில் அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரவும். இயலாதெனில் மீதித் தொகையைக் கீழ்க்கண்ட கணக்குக்கு அனுப்பவும்.’

கீழே கையெழுத்து, தேதி, இப்போதைய கைபேசி எண். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை வாங்காத கடிதம் கொடுக்காத கடிதம்தான். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். அதே வாசகத்தை வங்கியின் புகார் மின்னஞ்சலுக்கும் அனுப்பிவையுங்கள்.

மூடிய கணக்கில் இருந்த பணம் வங்கிக்குச் சொந்தமாகிவிடாது. வரைவோலையாகவோ வேறு கணக்குக்கு மாற்றியோ தர வேண்டியதுதான். பத்தாண்டுகள் கேட்பாரின்றிக் கிடந்த பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடும்; அப்போதும் உங்கள் வங்கி வழியாகவே கேட்டு வாங்கலாம். அப்பா அல்லது தாத்தா பெயரில் எங்கே பழைய கணக்கு இருக்கிறது என்று தெரியவில்லையா? 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தொடங்கிய ‘உத்கம்’ தளத்தில் பெயரை இட்டுத் தேடலாம்.

பணம் வரும் வழி, போகும் வழி

இதற்குத்தான் பலர் நேரம் ஒதுக்குவதில்லை. உண்மையான சேதமும் இங்கேதான் நடக்கிறது. கணக்கு மூடப்பட்ட அதே வாரத்தில், கடந்த ஓராண்டு ஸ்டேட்மென்டை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். வருபவை: சம்பளம், எரிவாயு மானியம், நூறு நாள் வேலைக் கூலி, உரிமைத் தொகை, கல்வி உதவித்தொகை, வருமானவரி ரீஃபண்ட், பிஎஃப். அரசு உதவிகள் ஆதாருடன் கடைசியாக இணைத்த வங்கிக்குத்தான் போகும். அந்த இணைப்பு மூடிய கணக்கிலேயே நிற்கிறதா என்று ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டு, வேறு வங்கியில் இணைப்புப் படிவம் கொடுங்கள். பிஎஃப் கணக்கிலும் வருமானவரித் தளத்திலும் வங்கி விவரத்தைத் தனித்தனியாக மாற்ற வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது.

போகிறவை இன்னும் ஆபத்தானவை. வண்டிக் கடனின் மாதத் தவணை, ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம், சீட்டுக் கம்பெனிக்குக் கொடுத்த பின்தேதியிட்ட காசோலைகள். தவணை திரும்பினால் கடன் கொடுத்த நிறுவனம் ஒரு கட்டணம் போடும், தாமதமும் சிபிலில் ஏறும். சேமிப்புக் கணக்கின் இருப்பு சிபில் அறிக்கையில் வராது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கிலிருந்து போக வேண்டிய தவணை தவறினால் அது வரும். இருப்புக் குறைவில் தொடங்கியது மதிப்பெண் குறைவில் முடிவது இப்படித்தான்.

காசோலை விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். கணக்கே மூடியிருக்கிறது, இனி என்ன செய்ய முடியும் என்று இருந்துவிடாதீர்கள். ‘கணக்கு மூடப்பட்டது’ என்ற காரணத்தோடு திரும்பும் காசோலையும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவுக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தப் பிரிவில் இரண்டாண்டு வரை சிறை, காசோலைத் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம். காசோலை வாங்கியவர்களை நீங்களே அழைத்து, புதிய காசோலை கொடுத்துப் பழையதைத் திரும்ப வாங்கிவிடுங்கள். அதற்குள் நோட்டீஸ் வந்துவிட்டால், கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டால் வழக்கு வராது.

மூடியது கிரெடிட் கார்டோ ஓவர்டிராஃப்டோ என்றால்

இங்கேதான் சிபில் பேசுகிறது. இந்தியாவில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். மதிப்பெண் 300 முதல் 900 வரை. ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுத்துப் பாருங்கள். ஒன்றில் இருக்கும் தவறு மற்றதில் இல்லாமல் இருக்கலாம்.

கார்டை வங்கி நிறுத்தியதற்கு மதிப்பெண் மட்டுமே காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத கார்டை, முன்னறிவிப்புக் கொடுத்து 30 நாள் காத்திருந்து பதில் வராவிட்டால் வங்கி மூடலாம். ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு கார்டு விதிகளிலேயே அது இருக்கிறது. அதே விதிகளில் உங்கள் பக்கமும் சில இருக்கின்றன. கடைசித் தேதியைத் தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதம் என்று சிபிலுக்குத் தெரிவிக்கலாம். நீங்களே கார்டை மூடச் சொல்லி, பாக்கியும் இல்லை என்றால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

கார்டு மூடினாலும் பாக்கி மூடாது. வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். வசூல் ஏஜென்சியிலிருந்து பேசுபவர் ‘பாதி கட்டுங்கள், முடித்துவிடலாம்’ என்பார். அப்படி முடித்தால் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று ஏறும். அடுத்து வீட்டுக் கடனுக்குப் போகும்போது மேலாளரின் விரல் நேராக அந்த வரியில்தான் நிற்கும். முடிந்தவரை முழுத்தொகையையும் தவணையாகக் கேட்டுக் கட்டி, ‘குளோஸ்டு’ என்று ஏற்றச் சொல்லுங்கள். நிலுவை இல்லாச் சான்று கையில் வரும்வரை விடாதீர்கள். வேறு வழியே இல்லை என்பவர் செட்டில்மென்ட் செய்யட்டும், விளைவு தெரிந்து செய்யட்டும்.

கடன் பாக்கி இருக்கும் அதே வங்கியில் சேமிப்புக் கணக்கும் இருந்தால், பாக்கிக்காக அந்தப் பணத்தை வங்கி பிடித்துவைக்கலாம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆவது பிரிவு வங்கிகளுக்கு அந்த உரிமையைக் கொடுக்கிறது. ‘லீன் போட்டிருக்கிறார்கள்’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். சம்பளமும் கடனும் ஒரே வங்கியில் வேண்டாம் என்று புதியவர்களுக்கு நான் சொல்வதற்குக் காரணமும் இதுதான். கடனைக் கட்டாமல் தப்பிக்க இது வழியாகாது. பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் தெரியாமல் போகாமல் இருக்க மட்டும் உதவும்.

அறிக்கையில் தவறு இருந்தால், வங்கியிடமோ அந்தக் கடன் தகவல் நிறுவனத்திடமோ புகார் செய்யுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2024 ஏப்ரல் 26 முதல் விதி இருக்கிறது. இதை நீங்களே செய்யலாம், ஏஜெண்ட் தேவையில்லை. சரியான தகவலை யாராலும் அழிக்க முடியாது. அழிப்பேன் என்பவர் பொய் சொல்கிறார்.

வங்கித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வார்த்தை. மோசமான கடன் வரலாற்றுக்காக ஒருவரின் பணி நியமனத்தை ஸ்டேட் வங்கி ரத்து செய்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் சரி என்றது. கல்லூரி நாளில் எடுத்த செயலிக் கடனை அலட்சியமாக விட்டுவைக்காதீர்கள்.

வங்கி பதில் சொல்லாவிட்டால்

கடிதம் கொடுத்து 30 நாள் காத்திருங்கள். பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரில் எல்லா வங்கிகளுக்கும் ஒரே திட்டமாக அதை ஒருங்கிணைத்தார்கள். சிஎம்எஸ் என்ற புகார்த் தளத்தில் பதியலாம், சண்டிகரில் இருக்கும் மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். விவரம் கேட்க 14448 எண். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். இதற்குக் காலக்கெடு உண்டு, எனவே வங்கியின் பதில் வந்த பிறகு தாமதிக்காமல் போக வேண்டும். முத்திரை போட்ட அந்தக் கடித நகல்தான் இங்கே உங்கள் ஆதாரம். வங்கியிடம் முதலில் கேட்காமல் நேராக வந்தால் புகாரை ஏற்க மாட்டார்கள்.

எதைக் கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ‘எனக்குக் கார்டு கொடுக்கச் சொல்லுங்கள்’, ‘ஓவர்டிராஃப்டைத் திரும்பத் தரச் சொல்லுங்கள்’ என்றால் அது வங்கியின் வணிக முடிவு என்று தள்ளிவிடுவார்கள். ‘அறிவிப்பின்றி மூடினார்கள்’, ‘விதியை மீறி அபராதம் பிடித்தார்கள்’, ‘மீதிப் பணத்தைத் தரவில்லை’ என்று எழுதுங்கள். தேதியோடு, தொகையோடு, ஒரு பக்கத்துக்குள்.

அடுத்த கணக்கு

சிபில் எவ்வளவு குறைந்திருந்தாலும் சேமிப்புக் கணக்கு திறக்கத் தடையில்லை. அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று கேளுங்கள். வங்கி மொழியில் பிஎஸ்பிடிஏ. ரிசர்வ் வங்கி 2012இல் கொண்டுவந்தது இது. 2014 முதல் வரும் ஜன்தன் கணக்கும் இந்த வகைதான். குறைந்தபட்ச இருப்பே கிடையாது. ஏடிஎம் அட்டை இலவசம், பணம் போட வரம்பில்லை, மாதம் நான்கு முறையாவது கட்டணமின்றி எடுக்கலாம். ஏழைகளுக்கு மட்டும் என்று சில கிளைகளில் சொல்வார்கள். அப்படி வரையறை எதுவும் இல்லை, யாரும் கேட்கலாம். ஏற்கெனவே இருக்கும் சாதாரணக் கணக்கையே எழுதிக் கொடுத்து இதற்கு மாற்றிக்கொள்ளவும் முடியும். வேலையை விட்டவுடன் பழைய சம்பளக் கணக்கை இப்படி மாற்றிவிட்டால் மேலே சொன்ன அபராதக் கதை தொடங்கவே தொடங்காது. ஒரு நிபந்தனை: அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு வைத்திருக்க முடியாது, இருந்தால் 30 நாளுக்குள் மூட வேண்டும்.

புதிய கணக்கு கையில் வந்ததும் நாமினியைப் பதிவு செய்யுங்கள், கைபேசி எண்ணும் முகவரியும் சரியா என்று படிவத்தில் ஒரு முறை பாருங்கள். கைபேசி எண்ணை மாற்றும் அன்றைக்கே வங்கியிலும் மாற்றிவிடுங்கள். பழைய கணக்கின் மீதிக் காசோலைகளைக் கிளையிலேயே ஒப்படைத்து, ஏடிஎம் அட்டையைச் சிப் இருக்கும் இடத்தில் குறுக்காக வெட்டிப் போடுங்கள். மூடப்பட்ட கணக்கின் பாஸ்புக்கையும் கடைசி ஸ்டேட்மென்டையும் மட்டும் எறிய வேண்டாம். வருமானவரிக்கோ காசோலை வழக்குக்கோ பிஎஃப் பிரச்சினைக்கோ அவை பல ஆண்டு கழித்தும் கேட்கப்படும்.